வெளிநாட்டு வில்லன் தேவை!

மாசக் கடைசி. தேதி இருபத்தாறு. மனைவியின் வளையலைப் பழைய பேப்பரில் மடித்து, அதை டிபன் பாக்ஸ் பைக்குள் ஒளித்து, செங்கல்பட்டு கடைத்தெருவில் ஓர் அடகுக் கடை வாசலில் போய் நின்றேன். (கேஸ், ஸ்கூல் ஃபீஸ், மாமியாரின் கண் ஆபரேஷன்... காரணம் எதுவாக இருந்தால் என்ன, உங்களுக்குத் தெரியாததா!)

கடைக்காரன் என்னோடு படித்தவன். ஸ்கூலில் 'சேட்டு' என்றுதான் கூப்பிடுவோம். அவன் அப்பா காலத்துக் கடை. வளையலை வாங்கி உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, திராவகச் சீசாவைத் திறந்தான். ஆனால் அவன் கண் கல்லின் மேல் இல்லை. கல்லாப் பெட்டியில் சாய்த்து வைத்திருந்த செல்போனில் பழைய குஸ்தி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தலைப்பாகை கட்டிய ஆறடிக்கு மேற்பட்ட சர்தார்ஜி ஒருவர் வாளைப் பல்லில் கடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்கிறார். ஜப்பான்காரர்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தலைதெறிக்க ஓடுகிறார்கள்!

"யார்றா இது?"

"டைகர் ஜீத் சிங். லூதியானா பக்கம். ஜப்பான்ல ஒரு காலத்துல இவருதான் நம்பர் ஒன் வில்லன்."

"இந்த வயசுல இதெல்லாமா பாக்கற?"

"நான் பாக்காம வேற யார் பாப்பா? நாந்தானேடா யோகோசுனா!" என்று சிரித்தான்.

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு யோகோசுனாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கேபிள் டி.வி. வந்த புதிது. வெள்ளைக்கார குண்டர்கள் ஒருத்தரை ஒருத்தர் தலைக்கு மேல் தூக்கிப் போடுவதை வாய் பிளந்து பார்த்த காலம். பெட்டிக் கடையில் ட்ரம்ப் கார்டு. உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ் என்று எல்லாவற்றுக்கும் நம்பர் இருக்கும். கையில் யோகோசுனா சிக்கிவிட்டால் "வெயிட்!" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எதிராளியின் கார்டு நம் பக்கம் வந்துவிடும். ஆனால் யோகோசுனாவாக இருக்க மட்டும் எவனும் ஒப்புக்கொள்ள மாட்டான். அவன் ஜப்பான் வில்லனாயிற்றே! கொடியோடும் உப்பு வாளியோடும் ஒரு மானேஜர் முன்னால் வருவார். இவர் பின்னால் சுமோ வீரர் மாதிரி ஆடி அசைந்து வந்து, விழுந்து கிடக்கிறவன் மேல் மூலையிலிருந்து குதித்து உட்கார்வார். அமெரிக்காவே பல்லைக் கடிக்கும். செங்கல்பட்டும்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மனிதர் ஜப்பான்காரரே இல்லை. பெயர் ராட்னி அனோவாய். சமோவா வம்சம். 1966-ல் பிறந்தது சான் ஃபிரான்சிஸ்கோவில். கொடி பிடித்த மிஸ்டர் ஃபுஜி ஹவாயில் பிறந்த அமெரிக்கர். ஆக, அமெரிக்கர் இருவர் அமெரிக்காவில் நின்றுகொண்டு ஜப்பான் வேஷம் கட்ட, அமெரிக்கர்கள் டிக்கெட் வாங்கி வந்து "ஊருக்குப் போ!" என்று கத்தினார்கள். எந்த ஊருக்குப் போவார் பாவம்?

இந்தத் தொழிலில் வில்லனுக்கு 'ஹீல்' என்று பெயர். நல்லவருக்கு 'பேபிஃபேஸ்', பால்வடியும் முகம். யார் ஜெயிப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துவிடுவார்கள். இதை வெளியில் விடாமல் காப்பதற்கு 'கேஃபேப்' என்று ஒரு ரகசியச் சொல்லே உண்டு. ஹீலாக ஒரு வெளிநாட்டுக்காரன் கிடைத்துவிட்டால் முதலாளிக்கு யோகம். கதை எழுத வேண்டாம், வசனம் வேண்டாம். கொடியைக் கையில் கொடுத்து உள்ளே அனுப்பினால் போதும், மீதியை ஜனங்களே பார்த்துக்கொள்வார்கள்.

நாமும் சளைத்தவர்களில்லை. தாராசிங்கை நம் தாத்தாக்கள் தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடினார்களே, எதிர்க் கோதாவில் நின்றவர் யார்? கிங்காங்! எமில் சாயா என்கிற ஹங்கேரிக்காரர். சுமார் 400 பவுண்டு சரீரம், தாடி. ஐம்பதுகளில் ஊர் ஊராக இவர்கள் மோதியதைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. "பெரிய தாராசிங்னு நெனப்போ?" என்று இன்றைக்கும் கேட்கிறோம். ஆனால் அடி வாங்கி அடி வாங்கியே அவரைத் தாராசிங் ஆக்கிய ஹங்கேரிக்காரர் 1970-ல் ஒரு கார் விபத்தில் அடிபட்டு சிங்கப்பூரில் இறந்துபோனது எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, நம் சர்தார்ஜிக்கு வருவோம்.

சொந்தப் பெயர் ஜக்ஜீத் சிங் ஹன்ஸ். 1944-ல் பஞ்சாபில் பிறந்தவர். அறுபதுகளின் நடுவில் கனடா போய் இறங்கினார். டொரண்டோவில் ஃபிரெட் அட்கின்ஸ் என்று ஒரு வாத்தியார். நியூஸிலாந்துக்காரர், பொல்லாத கண்டிப்பு. அவரிடம் சிக்கிச் சக்கையாகி வெளியே வந்தபோது பெயர் 'டைகர்' ஜீத் சிங் ஆகியிருந்தது. சீக்கிரமே டொரண்டோவின் மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் புரூனோ சம்மார்ட்டினோ போன்ற பெரும்புள்ளிகளோடு மோதுகிற அளவுக்கு வளர்ந்தார்.

அங்கே அவர் மோதிய இன்னொருவர் 'தி ஷேக்'. அரேபியப் பணக்காரராக வந்து நெருப்பு வீசுவார். அவருடைய நிஜக் கதை? எட்வர்ட் ஃபர்ஹத், மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர்! இந்தத் தொழிலில் யாருடைய பாஸ்போர்ட்டையும் கேட்கக்கூடாது.

1973-ல் சிங் ஜப்பான் போனார். அன்டோனியோ இனோகி அதற்கு முந்தைய வருஷம்தான் நியூ ஜப்பான் என்று சொந்தக் கம்பெனி ஆரம்பித்திருந்தார். ஹீரோ தயார், அவரேதான். தகுந்த எதிரிதான் இல்லை. அமெரிக்காவின் பெரிய பெயர்கள் எல்லாம் போட்டிக் கம்பெனியின் கையில். இந்த நேரத்தில் தலைப்பாகையும் வாளுமாக வந்து இறங்கினார் நம்மவர். ரசிகரைப் போல ஆடியன்ஸில் உட்கார்ந்திருந்து, திடீரென்று எழுந்து கோதாவில் பாய்ந்தார்.

அந்த வருஷம் நவம்பரில் நடந்ததுதான் உச்சம். டோக்கியோவில் ஷின்ஜுகு என்று ஜனநெரிசலான கடைவீதி. நம்ம தி.நகர் மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். அங்கே ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் வாசலில் இனோகியும் நடிகையான அவர் மனைவியும் ஷாப்பிங் முடித்து வருகிறார்கள். கும்பலோடு வந்த சிங், பட்டப்பகலில், நடுத்தெருவில், இனோகியைப் போட்டு மொத்து மொத்தென்று மொத்திவிட்டார்! கோதா இல்லை, மணி இல்லை, ரெஃப்ரி இல்லை. போலீஸ் வந்தது. பேப்பரில் வந்தது. அது பேசி வைத்த நாடகமா, நிஜமாகவே புலிக்குப் பைத்தியம் பிடித்ததா என்று ஜப்பானில் அரை நூற்றாண்டாகப் பட்டிமன்றம் நடக்கிறது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். பெண்டாட்டியோடு ஜவுளிக்கடையிலிருந்து வெளியே வருகிற மனுஷனை அடிக்க வேறு ஆள் எதற்கு? பில்லே போதாதா?

பட்டம் வந்துவிட்டது: 'பைத்தியம் பிடித்த இந்தியப் புலி'. 1974 ஜூனில் ஒஸாகாவில் இனோகி பழிக்குப் பழியாகப் புலியின் கையை முறித்தார் என்பது ஜப்பான் குஸ்தி ரசிகர்களின் புராணக் கதை. 1975-ல் புலி திரும்பி வந்து இனோகியின் சாம்பியன் பெல்ட்டைப் பறித்தது. மூன்று மாதத்தில் பெல்ட் திரும்பப் போனது. போகத்தானே வேண்டும்? வில்லனுக்கு பெல்ட் வாடகை வீடு மாதிரி. ஹீரோவுக்குத்தான் சொந்தம்.

ஒரு சமாசாரம் கவனியுங்கள். கோதாவில் ஆட்டத்தை ஓட்டிச் செல்வது பெரும்பாலும் ஹீல்தான். எப்போது கூட்டம் கொதிக்கிறது, எப்போது ஆறுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹீரோ குத்தினால், லேசாகப் பட்டதைப் பத்து மடங்காக வாங்கி விழ வேண்டும். மேலேயிருந்து ஹீரோ குதித்தால் அவர் கால் மடங்காமல் தாங்கிக்கொள்ள வேண்டும். முடிவு பொய், விழுவது நிஜம். முதுகெலும்புக்கு நாடகம் தெரியாது. இத்தனையும் செய்துவிட்டு, கடைசியில் திட்டு வாங்கிக்கொண்டு போகவேண்டியது இவர்.

நம் பக்கத்துத் தெருக்கூத்தில் துச்சாதனன் வேஷக்காரரைப் பார்த்திருப்பீர்கள். சேலையில் கை வைப்பதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, "தாயே, வேஷத்துக்காகச் செய்யறேன், மன்னிச்சுக்கோ" என்று திரௌபதியைக் கும்பிடுவார். நம்பியார் திரையில் எம்.ஜி.ஆரைச் சவுக்கால் அடித்துவிட்டு வருஷா வருஷம் சபரிமலை போனவர். குஸ்தி வில்லனுக்கு இந்தச் சலுகை கிடையாது. வெளியே வந்தும் வில்லனாகவே இருக்க வேண்டும். ஹோட்டலில் சிரித்துவிட்டால் தொழில் போச்சு!

நிஜமாகவே போனவரும் உண்டு. அயர்ன் ஷேக். இவர் அசல் சரக்கு, ஈரானிலேயே பிறந்த ஹொசைன் வசீரி. மல்யுத்தத்தில் மன்னன். அமெரிக்கா வந்து 1971-ல் அந்த நாட்டின் அமெச்சூர் போட்டியில் தங்கம் வாங்கினார். 1972 ஒலிம்பிக்ஸுக்குப் போன அமெரிக்க மல்யுத்த டீமுக்குத் துணைப் பயிற்சியாளராகவும் இருந்தார். தன் வித்தையை அந்த நாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவரைத்தான் மீசையை முறுக்கி, நுனி வளைந்த ஜோடு மாட்டி, வில்லனாக்கினார்கள். 1979-ல் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்துக்காரர்களைப் பிடித்து 52 பேரை 444 நாள் வைத்திருந்தார்களே, அதற்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அந்தக் கோபத்துக்கெல்லாம் அரங்கத்தில் பதில் சொன்னவர் இவர்தான். 1983 டிசம்பர் 26-ல் சாம்பியன் ஆனார். நாலே வாரத்தில், 1984 ஜனவரி 23-ல், ஹல்க் ஹோகனிடம் தோற்றார். ஹோகன் அலை அங்கேதான் கிளம்பியது.

1987-ல் நியூஜெர்ஸியில் ஒரு காரைப் போலீஸ் மறித்தது. உள்ளே அயர்ன் ஷேக். பக்கத்தில் ஜிம் டக்கன், அமெரிக்கக் கொடியோடு வந்து இவரை எதிர்க்கிற பரம விரோதி! போதைச் சமாசாரமும் இருந்தது. ஆனால் முதலாளிகளுக்கு வயிறு எரிந்தது, ஹீரோவும் வில்லனும் ஒரே காரில் போனதற்காகவும்தான். வேலை போனது. 1991-ல் வளைகுடா யுத்த சமயத்தில் திரும்பக் கூப்பிட்டு ஒரு வேஷம் கொடுத்தார்கள். என்ன தெரியுமா? கர்னல் முஸ்தபா, ஈராக் ராணுவ அதிகாரி! எட்டு வருஷம் ஈரானோடு சண்டை போட்ட ஈராக். கட்டினார். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. 2023-ல் ஜார்ஜியா மாநிலத்தில், அமெரிக்க மண்ணில், இறந்தார்.

நம் புலிக்கு விதி கொஞ்சம் கருணை காட்டியது. 1990 செப்டம்பரில் இனோகியின் முப்பதாவது வருஷத் தொழில் விழா யோகஹாமாவில். அன்றைய போட்டியில் இனோகிக்கு ஜோடியாக இறங்கியது யார்? நடுத்தெருவில் அவரை மொத்திய அதே சிங்! கனடாவில் மில்டன் என்கிற ஊரில் 2010-ல் திறந்த பள்ளிக்கூடத்துக்கு 'டைகர் ஜீத் சிங் பப்ளிக் ஸ்கூல்' என்று பெயர். கிறிஸ்துமஸ் வந்தால் அவருடைய அறக்கட்டளை ஏழைப் பிள்ளைகளுக்குப் பொம்மை கொடுக்கிறது. ஜப்பானில் இவரைக் கண்டு நாற்காலி தாண்டி ஓடிய தாத்தாக்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ!

2006-ல் காளி, அதாவது இமாசலத்தின் தலீப் சிங் ராணா, டபிள்யூ.டபிள்யூ.இ-க்குப் போய் அண்டர்டேக்கரையே சாய்த்தபோது எங்கள் ஆபீஸ் கேன்டீனில் டீ இலவசம். அங்கே அவர் வில்லன் என்பதே எங்களுக்கு உறைக்கவில்லை. 2017-ல் ஜிந்தர் மஹால் சாம்பியன் ஆனபோதும் அப்படித்தான். அவர் பிறந்தது கனடாவின் கால்கரியில். மைக்கைப் பிடித்துப் பஞ்சாபியில் பேசினால் அமெரிக்கக் கூட்டம் கொதித்தது. இங்கே உட்கார்ந்து நாங்களும் கொதித்தோம். "அதெப்படி, நம்ம ஆளை மட்டும் வில்லனாக்கறான்?"

அப்படிக் கேட்ட வாய் என்னுடையது. அதனால்தான் அடகுக் கடையில் சுருக்கென்றது.

1994 மே மாச லீவு. ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தோம். எட்டுப் பேர், ஐந்து சைக்கிள். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர் வெயிலில் மிதித்தது சிற்பம் பார்க்க அல்ல. மணல்! எங்கள் ஸ்கூல் கிரவுண்டில் விழுந்தால் முட்டி பெயரும். கடற்கரையில் எவ்வளவு உயரத்திலிருந்தும் விழலாம். மாமல்லன் என்றாலே பெரிய மல்லன்தானே? நரசிம்மவர்ம பல்லவனின் பட்டப்பெயர். ஊர்ப் பெயரிலேயே குஸ்தி இருக்கிறது.

கோயிலுக்கு வடக்கே, மீன்பிடிப் படகுகள் கிடக்கிற இடத்தில் மணலில் குச்சியால் சதுரம் போட்டோம். நான் பிரெட் ஹார்ட். (அப்போது நான் ஒல்லி. நம்புங்கள்.) சேட்டு வழக்கம் போல யோகோசுனா. குண்டு என்பதால் என்று அப்போது சொல்லிக்கொண்டோம். எங்களில் அவனைவிட குண்டாக இன்னொருத்தன் இருந்தான். அவனுக்கு அந்த வேஷம் ஒருநாளும் போகவில்லை.

ஆட்டம் சூடு பிடித்தது. "ஜப்பான்காரா, ஊருக்குப் போ!" என்று கோஷம். அவனும் கண்ணை இடுக்கிக் கொண்டு, மணலை உப்பு மாதிரி வீசி, பிரமாதமாகச் செய்தான். நான் படகின் விளிம்பில் ஏறினேன். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் "டேய், போட்டு மேல ஏறாதீங்கடா!" என்று சத்தம் போட்டார். அதற்குள் கோஷம் மாறிவிட்டது. யார் ஆரம்பித்தது என்று சொல்ல மாட்டேன். ஏனென்றால் படகின் மேல் நின்றவனுக்குத்தான் குரல் நன்றாக எடுபடும்.

"சேட்டு, ஊருக்குப் போ! சேட்டு, ஊருக்குப் போ!"

குதித்தேன். முட்டி அவன் நெஞ்சில் இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. ஜெயித்தாயிற்று! எல்லோரும் ஆடினோம். அவன் எழுந்திருக்கவில்லை. வானத்தைப் பார்த்துப் படுத்தபடியே சாதாரணக் குரலில் கேட்டான்:

"எந்த ஊருக்குடா?"

அவன் பிறந்தது செங்கல்பட்டு கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில். தமிழ்ப் பரீட்சையில் என்னைவிடப் பதினோரு மார்க் அதிகம். ராஜஸ்தானை அவன் அதுவரை மேப்பில்தான் பார்த்திருந்தான்.

ஒருத்தனும் பதில் சொல்லவில்லை. வெயிலுக்கு ஒதுங்கி, கலங்கரை விளக்கத்துப் பக்கம் மகிஷாசுரமர்த்தினி குகைக்குள் போய் உட்கார்ந்தோம். ஒரு சுவரில் சிங்கத்தின் மேல் துர்க்கை. எதிரே எருமைத் தலையோடு மகிஷன். நீங்கள் போனால் அவனை நின்று பாருங்கள். சுருண்டு காலடியில் கிடப்பவன் இல்லை. துர்க்கையைவிட ஆகிருதியாக, கையில் கதையோடு, பின்னடைந்தாலும் நிமிர்ந்து நிற்கிறான். தலைக்கு மேல் ராஜாவுக்குப் பிடிப்பது போலக் குடை! ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சிற்பி, வில்லனுக்கும் குடை பிடிக்கச் சொல்லியிருக்கிறான். நாங்கள் எட்டுப் பேர், கூட வந்தவனுக்கு ஒரு சைக்கிள் கேரியரில் இடம் கொடுத்ததோடு சரி. திரும்பி வரும்போது அவன் என் பின்னால்தான் உட்கார்ந்து வந்தான். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை பேச்சில்லை.

இதெல்லாம் கடையில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? உரைகல்லைப் பார்த்தபடி, "டேய்... அன்னிக்கு மகாபலிபுரத்துல..." என்று இழுத்தேன்.

"எது, நீ போட்டு மேலேந்து குதிச்சியே, அதுவா?" சட்டென்று பிடித்துக்கொண்டான். "உன் முட்டி என் நெஞ்சுல படவே இல்ல, தெரியுமா?"

"என்னடா சொல்ற?"

"நீ தப்பாக் குதிச்சே. நேரா இறங்கியிருந்தா உன் காலு படகு நங்கூரத்துல மாட்டியிருக்கும். நாந்தான் ரெண்டடி உருண்டு வந்து, உன்னைத் தாங்கி, பட்ட மாதிரி விழுந்தேன்." வளையலைத் தராசில் வைத்தான். "வில்லன்னா சும்மாவா?"

முப்பது வருஷமாக நான் ஜெயித்ததாக நினைத்திருந்த ஒரே குஸ்தி அது.

"ஸாரிடா" என்றேன். அவன் காதில் விழுந்ததா தெரியவில்லை. தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். செல்போனில் புலி மறுபடி வாளைக் கடித்துக்கொண்டு ஓடியது.

"ரெண்டு வட்டி" என்றான், சீட்டு எழுதியபடி.

"ஒண்ணரை போட்டுக்கோயேன். பழைய சிநேகிதம்..."

நிமிர்ந்து பார்த்தான். கண்ணை இடுக்கிக் கொண்டான், அதே யோகோசுனா.

"ஊருக்குப் போடா!"